தவளை மாப்பிள்ளையும் மிஞ்சிய ரிங்கும்

அவருக்கு வயது நாற்பத்தொன்பது. வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. நகரத்தில் முப்பத்துநான்கு லிஃப்ட்டுகள் அவர் கையை நம்பித்தான் ஏறி இறங்குகின்றன. நாள் முழுக்க மற்றவர்கள் மேலே போக வழி செய்து கொடுக்கிற மனுஷனுக்கு ஆசை என்னவோ கீழே போவதில்தான். கடலுக்கு அடியில். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு, வருஷத்துக்கு ஏழெட்டு தடவை இறங்கிவிடுவார். விஷயம் தெரிந்த அன்றே மனைவியின் அண்ணன் 'தவளை மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டார். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் புதுப்பெயர் கிடைக்கிற யோகம் எல்லாருக்கும் வாய்க்காது. இவருக்கு அது பிடித்தும் இருந்தது. நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

ஊரில் மற்றவர்களுக்கு இந்த ஆசை எப்படி வரும்? கலர் கலரான மீன் படம் பார்த்து வரும். தவளை மாப்பிள்ளைக்கு வந்தது ஒரு லிஃப்ட் குழிக்குள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய கடையின் கீழ்த்தளத்தில் மழைத்தண்ணீர் புகுந்து, லிஃப்ட் குழி இரண்டு ஆள் ஆழத்துக்கு நிரம்பிவிட்டது. பம்ப் போட்டார்கள், குழாயின் வாய் கீழே எதிலோ அடைத்துக்கொண்டது. அடைப்பை எடுக்க ஒரு பெண்மணி வந்தாள். துறைமுகத்துப் பக்கம் கடை வைத்திருப்பவள். சிலிண்டரில் காற்று அடைப்பாள், முக்குளிக்கக் கற்றுக்கொடுப்பாள், சாமான்களைப் பழுது பார்ப்பாள், இந்த மாதிரி அழைப்பு வந்தால் சாக்கடையிலும் இறங்குவாள். அவள் கடையில் கம்ப்ரஸர் எந்நேரமும் தடதடவென்று ஓடுவதால் எல்லாருக்கும் அவள் பம்ப் அக்கா.

இவர் மெயினை அணைத்துவிட்டு, குழியின் ஓரத்தில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து எழுந்த அக்கா, "என்ன தம்பி அப்படிப் பாக்கற? இந்தா, ஒரு தடவை இழுத்துப் பாரு" என்று தன் உபரிக் குழாயை நீட்டினாள். அவர் சட்டையைக் கழற்றிவிட்டு ஏணியில் இறங்கி, குழாயைக் கவ்விக்கொண்டு தலையை முக்கினார். கறுப்புத் தண்ணீர். கண்ணெதிரே ஒற்றைச் செருப்பு ஒன்று மிதந்து போனது. ஆனால் தண்ணீருக்குள் மூச்சு வந்தது! உள்ளே போனது, வெளியே வந்தது, மறுபடி உள்ளே போனது. மேலே எழுந்தபோது அவர் முகத்தைப் பார்த்தவர்கள் குழிக்குள் புதையல் இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். அன்று பிடித்த சனி இன்றுவரை விடவில்லை.

ஆசை சும்மா வந்துவிட்டது. அதைக் கட்டிக் காப்பாற்றுவது சும்மா நடக்கவில்லை. கற்றுக்கொள்ளவே ஒரு மாதச் சம்பளம் போனது. அடுத்து முகக்கண்ணாடி. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் மூக்குக்குக் கீழே தண்ணீர் கசிந்தது. இரண்டு கண்ணாடி மாற்றிப் பார்த்தார், கிரீஸ் தடவிப் பார்த்தார். கடைசியில் பம்ப் அக்காதான் விரலை நீட்டிக் குற்றவாளியைக் காட்டினாள். மீசை! இருபது வயதிலிருந்து முறுக்கி வளர்த்த மீசை. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்றால் கதை ஆகுமா? மறுநாள் மழித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்த மனைவி, யாரோ என்று பாதிக் கதவைச் சாத்திவிட்டு மறுபடி திறந்தாள்.

"காசு போனது போதாதுன்னு மீசையும் போச்சா?" என்றாள்.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதுவும் ஆபரேஷன் தியேட்டரில். கத்தி, கத்தரி, பஞ்சு எல்லாம் அவள் கண் முன்னால்தான் உள்ளே போகும், வெளியே வரும். அப்படிப்பட்டவளிடம் எதையும் மறைக்க முடியாது என்று தெரிந்தும், தவளை மாப்பிள்ளை ஒரே ஒரு விஷயத்தில் பொய் சொல்லிவந்தார். எந்தச் சாமான் வாங்கினாலும் விலையைப் பாதியாக்கித்தான் சொல்வார். துடுப்பு வாங்கினார், பாதி விலை சொன்னார். காற்று ஊதிக்கொண்டால் மிதக்க வைக்கும் ஜாக்கெட் வாங்கினார், பாதி விலை. ரெகுலேட்டர் வாங்கிய அன்று பாதி சொல்லவே நாக்கு கூசியது, கால்வாசி சொன்னார்.

இந்த ரெகுலேட்டர்தான் நம் கதையின் நாயகன் என்பதால் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சிலிண்டருக்குள் இருக்கிற காற்று அப்படியே வாய்க்கு வந்தால் பல்லெல்லாம் பறந்துவிடும். அந்த வேகத்தை அடக்கி, கேட்கும்போது மட்டும், கேட்கிற அளவுக்கு மட்டும் கொடுப்பதுதான் ரெகுலேட்டர். பித்தளையும் ரப்பரும் சேர்ந்த சின்னச் சாமான். வருஷத்துக்கு ஒரு தடவை பிரித்து, ரப்பர் ரிங்கெல்லாம் மாற்றி, சுத்தம் செய்து, அளந்து பார்த்து மூட வேண்டும். அந்தக் கூலியைக் கேட்டால்தான் மாப்பிள்ளையின் கை தானாகச் சட்டைப்பையைப் பொத்திக்கொள்ளும்.

"எங்க அடுப்புக்கும்தான் ரெகுலேட்டர் இருக்கு. பத்து வருஷமா ஒரு பைசா கேக்கல. உங்க ரெகுலேட்டருக்கு மட்டும் என்ன கேடு?" என்பாள் மனைவி.

அவருக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான். ரப்பர் ரிங் மொத்தமும் சேர்த்து ஒரு கைக்குட்டை விலை. பிரித்து மூடுகிற கூலியோ ஒரு ஜோடி நல்ல ஷூ விலை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள்! அவரே மெக்கானிக். ஒரு மெக்கானிக் இன்னொரு மெக்கானிக்குக் கூலி கொடுப்பதைப்போல வயிற்றெரிச்சல் உலகத்தில் வேறு இல்லை.

சாமான்களை அவர் பார்த்துக்கொள்கிற அழகையும் சொல்லியாக வேண்டும். கடலுக்குப் போய் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் குளியலறை அவருக்குத்தான். ரெகுலேட்டரின் மூடியைத் துடைத்து ஈரமில்லாமல் பூட்டிவிட்டுத்தான் நல்ல தண்ணீரில் முக்குவார். ஜாக்கெட்டுக்குள் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் குலுக்கி, உள்ளே புகுந்த உப்பையெல்லாம் வடிப்பார். உடம்போடு ஒட்டுகிற கறுப்பு ரப்பர் சூட்டை உள்பக்கம் வெளியே திருப்பி, தடித்த ஹேங்கரில் மாட்டி, நிழலான பால்கனியில் தொங்கவிடுவார். காற்றில் அது கையைக் காலை ஆட்டும். எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை பதறி ஓடிவந்து காலிங்பெல்லை அடித்துவிட்டார், தலையில்லாத யாரோ தொங்குகிறார் என்று. சொந்தச் சட்டைக்குப் பட்டன் போனால் ஒரு மாசம் கவனிக்காத மனுஷன், அந்த சூட்டின் ஜிப்புக்கு மெழுகு தேய்ப்பதைப் பார்த்து மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அவர் திரும்பி வந்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "இன்னிக்கு எவ்வளவு ஆச்சு?" என்ன மீன் பார்த்தீர்கள், எவ்வளவு ஆழம் போனீர்கள் என்று கேட்டதே இல்லை. அவரும் படகுக்கு இவ்வளவு, காற்றுக்கு இவ்வளவு என்று பாதியாக்கிச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் புகுந்துகொள்வார். இவளுக்கு எந்நேரமும் காசு ஞாபகம்தான் என்று நினைத்துக்கொள்வார். பதினோரு வருஷமாக இப்படியே ஓடியது.

போன வருஷம் மனைவிக்கு முழங்கால் வலி வந்தது. தியேட்டரில் மணிக்கணக்காக நின்ற கால். நீச்சல் பழகுங்கள் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். நாற்பத்தைந்து வயதில் நீச்சலா என்று சிணுங்கிக்கொண்டு குளத்துக்குப் போனவள், ஆறே மாசத்தில் அங்கே பயிற்சிக்கு வந்த கல்லூரிப் பெண்களுக்கு மூச்சு விடுவது எப்படி என்று பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டாள். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, தலையணை உறையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"என்னங்க, ஒரு தடவை நானும் கடலுக்குள்ள வந்து பாக்கட்டுமா?"

தவளை மாப்பிள்ளை அப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். புரை ஏறி, இருமி, கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. அழுதார் என்று சொல்லமாட்டேன். இருமல் நின்ற பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

பம்ப் அக்காவிடம் ஓடினார். முதல்முறை இறங்குகிறவர்களை அக்காவே கையைப் பிடித்துக் கூட்டிப்போவாள். ஆழம் அதிகமில்லாத இடம், அரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைக்குப் படகு குறித்தாயிற்று. அதற்கு முன்னால் மனைவி கடைக்கு வந்து வாடகைச் சாமான்களைப் பார்த்தாள். ஒரு ரப்பர் சூட்டை எடுத்து மோந்தாள்.

"அக்கா, இது என்ன வாசனை?"

பம்ப் அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "கீழ குளிரும்மா. அவசரத்துக்கு எல்லாரும் சூட்டுக்குள்ளேயே போயிடுவாங்க. நாங்க கழுவித்தான் வைக்கறோம்."

நர்ஸ் அம்மா சூட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். அடுத்து வாடகை ரெகுலேட்டரை எடுத்து, வாயில் கவ்வுகிற ரப்பரைத் திருப்பிப் பார்த்தாள். பல்தடம் இருந்தது.

"ஊர்ல இருக்கறவங்க எல்லாம் கடிச்சதை நான் வாயில வைக்கமாட்டேன்" என்றாள்.

"நீ எதுக்கும்மா இதை வைக்கற? என்னோடது இருக்கே! நீ என்னோடதைப் போட்டுக்கோ, நான் இதைப் போட்டுக்கறேன்" என்று மார்பைத் தட்டினார் மாப்பிள்ளை. சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது, தன்னுடைய ரெகுலேட்டரைப் பிரித்து மூடி இரண்டு வருஷம் ஆகிவிட்டது என்பது. போன வருஷம் கூலிக்கு மலைத்துத் தள்ளிப்போட்டிருந்தார். தனக்கென்றால் பரவாயில்லை, அவள் வாயில் வைக்கப்போகிறாளே!

சர்வீசுக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் அவளுக்குப் புது சூட் வாங்கியதில் அந்த மாசத்துக் கைக்காசு துடைத்துப் போட்டதுபோல் போய்விட்டது. ரப்பர் ரிங் பொட்டலம் மட்டும் வாங்கினார். லிஃப்ட்டையே பிரித்துப் போட்டு மூடுகிறவனுக்கு இது எம்மாத்திரம்?

புதன்கிழமை அவருக்கு லீவு, மனைவிக்குக் காலை டியூட்டி. சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்தார். போனில் ஒரு வீடியோவைச் சாய்த்து வைத்தார். அதில் பேசியவர் என்ன மொழியில் பேசினார் என்று கடைசிவரை தெரியவில்லை. மாப்பிள்ளை அவர் கையை மட்டும் பார்த்தார். கை எந்த நாட்டிலும் கைதானே. ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒரு ரிங் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தார். பழையதைப் போட்டுவிட்டுப் புதியதைப் பொருத்தினார். இரண்டு மணி நேரத்தில் ரெகுலேட்டர் பளபளவென்று பழைய உருவத்துக்கு வந்துவிட்டது. சிலிண்டரில் மாட்டி, வாளித் தண்ணீரில் முக்கினார். ஒரு குமிழி வரவில்லை. வாயில் வைத்து இழுத்தார். மூச்சு வெண்ணெய் மாதிரி வந்தது.

"கூலியாம் கூலி" என்று சொல்லிக்கொண்டே செய்தித்தாளை மடிக்கப்போனார். மடிப்பில் ஒரு ரிங் உருண்டது.

புது ரிங். கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. எங்கேயோ போயிருக்க வேண்டியது, எங்கேயும் போகாமல் செய்தித்தாளில் உட்கார்ந்திருந்தது.

வீடியோவை மூன்று தடவை ஓட்டினார். அந்த ரிங் எங்கே போகிறது என்று தெரியவில்லை. மறுபடி வாளியில் முக்கினார், குமிழி இல்லை. வாசலில் மனைவியின் சாவிச் சத்தம் கேட்டது. ரிங்கை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஒழுங்காக வேலை செய்கிறது, அப்புறம் என்ன என்று மனசுக்குச் சமாதானம் சொன்னார். மனசு சரி என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மனைவி புது சூட்டைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்று, "நான் கடல்நாய் மாதிரி இல்ல?" என்று சிரித்தபோது அவரும் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

வியாழக்கிழமை எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட்டுக்கு பிரேக் மாற்றினார். வேலை முடிந்தது. கீழே தள்ளுவண்டியில் குழந்தையும் கையில் இரண்டு பையுமாக ஒரு பெண் வெகுநேரமாகக் காத்திருந்தாள்.

"சரியாயிடுச்சா? ஏறலாமா?"

"இருங்கம்மா. முதல்ல நான் போய்ட்டு வரேன்."

அது அவர்கள் தொழிலில் எழுதாத சட்டம். பழுது பார்த்தவன்தான் முதலில் ஏற வேண்டும், அதுவும் தனியாக, மூன்று தடவை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒருநாள்கூட அவர் அதை மீறியதில்லை. அவசரம் என்று யார் கத்தினாலும் கதவை மூடிக்கொண்டு தான் மட்டும் போய் வருவார். முதல் தடவை ஏறி இறங்கினார். இரண்டாம் தடவை ஏறி இறங்கினார். மூன்றாம் தடவை ஐந்தாவது மாடியைத் தாண்டும்போது, யாரோ பின்மண்டையில் தட்டியதுபோல் இருந்தது.

முன்பின் தெரியாத ஒரு பெண்ணை ஏற்றுவதற்கு முன்னால் மூன்று தடவை போய் வருகிறோம். நாம் பிரித்து மூடிய ரெகுலேட்டரில் முதல் ஆளாக இறக்கப்போவது யாரை?

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். ரிங் அங்கேதான் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், ரிங்கை எடுத்து மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதை விளக்கு வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தாள்.

"குக்கருக்கா? ரொம்பச் சின்னதா இருக்கே."

"ரெகுலேட்டருக்கு. நானே பிரிச்சு மூடினேன். இது மிஞ்சிப்போச்சு."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை. தியேட்டரில் கேட்கிற குரலில் கேட்டாள். "பிரிக்கறதுக்கு முன்னாடி எத்தனை இருந்துச்சு?"

"எண்ணல."

"மூடறதுக்கு முன்னாடி?"

"எண்ணல."

"எண்ணாம எப்படிங்க மூடினீங்க?" என்றாள். அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "எங்க தியேட்டர்ல ஒரு தடவை பஞ்சு ஒண்ணு குறைஞ்சுது. பெரிய டாக்டர் குதிக்கறாரு, தைச்சுடலாம்னு. நான் ஊசியைக் கையில குடுக்கவே இல்ல. இருபது நிமிஷம் தேடினோம். கடைசில பாத்தா அவர் செருப்பு அடியிலதான் ஒட்டிக்கிட்டு இருக்கு!"

"தப்புதான்மா."

"காசு மிச்சம் பண்ணத்தானே?"

தலையை ஆட்டினார்.

"புது சூட்டு நீங்க சொன்ன விலை இல்லதானே?"

அதற்கும் ஆட்டினார். அவள் பெருமூச்சு விட்டாள். "உங்க விலையை நான் என்னிக்கு நம்பினேன்? சொல்றதை ரெண்டால பெருக்கித்தான் எடுத்துக்குவேன். அந்த ரெகுலேட்டருக்கு மட்டும் நாலால பெருக்கினேன், உங்க முழியைப் பாத்துட்டு. சரி, கிளம்புங்க. அக்கா கடை பூட்டறதுக்குள்ள போகணும்."

பம்ப் அக்கா கம்ப்ரஸரை அணைத்துவிட்டுக் கதையைக் கேட்டாள். ரெகுலேட்டரைப் பிரித்து, ஒவ்வொரு ரிங்காக வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தாள். மிஞ்சிய ரிங்கைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"இது உன்னோடதே இல்ல தம்பி. ஒரே பொட்டலத்துல ரெண்டு மாடலுக்கும் சேத்துப் போடுவான். இது அந்த இன்னொரு மாடலுக்கு. எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு."

தவளை மாப்பிள்ளையின் முகத்தில் பல்ப் எரிந்தது. மனைவியைப் பார்த்தார், பார்த்தாயா என்பதுபோல. நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர்ந்த நெஞ்சு இறங்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஆனா இதைப் பாரு" என்று அக்கா பூதக்கண்ணாடியை நீட்டினாள். காற்றை அடைக்கிற வழவழப்பான பித்தளை விளிம்பில் மயிரிழைபோல ஒரு கீறல். "ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்பினியா?"

"கொஞ்சம்."

"கொஞ்சமா நெம்பினா கொஞ்சமாக் கெடும்னு நினைச்சியா? வாளித் தண்ணில இது காட்டாது. கடல்ல பாதி வழியில போகும்போது காத்தை நிறுத்தத் தெரியாம கொட்டும். நீன்னா சமாளிச்சுருவ. முதல் தடவை போறவங்க என்ன பண்ணுவாங்க? லிஃப்ட்டுக்கு உன் கை தங்கம். இதுக்கு அந்தக் கை ஆகாது."

 மனைவி அவரைப் பார்க்கவில்லை. பூதக்கண்ணாடியை வாங்கி அந்தக் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளிம்பு மொத்தமாக மாற்ற வேண்டும், பாகம் வர இரண்டு வாரம் ஆகும் என்றாள் அக்கா. அதற்கு ஆகிற செலவு, அவர் மிச்சம் பிடித்த கூலியைப்போல மூன்று மடங்கு. இந்த முறை முழு விலையும் மனைவியின் காது கேட்கவே சொல்லப்பட்டது.

"அப்ப ஞாயித்துக்கிழமை?" என்றார் மாப்பிள்ளை ஈனமான குரலில். "அவ வாடகை ரெகுலேட்டரை வாயில வைக்கமாட்டாளே."

பம்ப் அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து ஒட்டிய பொட்டலம் ஒன்றை எடுத்து மேஜையில் போட்டாள். உள்ளே வாயில் கவ்வுகிற புது ரப்பர். "இதை மட்டும் மாட்டிக்கலாம். ரெண்டு டீ காசு. முதல் நாளே எங்கிட்டக் கேட்டிருந்தா முடிஞ்சுது. நீதான் மாரைத் தட்டிட்டுப் போனியே!"

நர்ஸ் அம்மா முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு தாங்க முடியாமல் சிரித்தாள். அக்காவும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பெண்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரிக்க, நடுவில் மாப்பிள்ளை கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேறு என்ன செய்ய முடியும்?

சிரித்து முடித்ததும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை நீ இறங்கற வேலை இல்ல. நீ பக்கத்துல இருந்தா அவங்க உன்னைத்தான் பாத்துக்கிட்டு இருப்பாங்க. அதோட, ஒரு நாள் முழுக்க ரிங்கைப் பையில ஒளிச்சு வச்சவனைக் கூட்டிக்கிட்டு நான் இறங்கமாட்டேன். படகுலயே உக்காரு."

அவர் மனைவியைப் பார்த்தார், ஒரு வார்த்தை பரிந்து பேசமாட்டாளா என்று. அவள் புது ரப்பரின் பொட்டலத்தில் எழுதியிருந்ததை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கடல் அமைதியாக இருந்தது. மனைவி படகின் விளிம்பில் உட்கார்ந்து, அக்கா சொல்வதற்கெல்லாம் தலையாட்டினாள். கண்ணாடிக்குள் அவள் கண் பெரிதாகத் தெரிந்தது. ஒருமுறை அவரைப் பார்த்துக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டம் காட்டினாள். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். தண்ணீர் தெறித்தது, மூடிக்கொண்டது.

படகில் மாப்பிள்ளையும் படகுக்காரரும் மட்டும். குமிழிகள் கொத்துக் கொத்தாக மேலே வந்தன. இரண்டு கொத்து. பெரிய கொத்து அக்காவுடையது, நிதானமாக வந்தது. இன்னொன்று படபடவென்று வந்தது. அது அவளுடையது. அவர் அந்தக் கொத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வந்தது, நின்றது, வந்தது. ஒரு தடவை நின்றது, வரவில்லை. இன்னும் வரவில்லை. அவர் படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்தார். வந்தது.

"அண்ணே, நீங்க மூச்சை விடுங்க" என்றார் படகுக்காரர். "அவங்க ஒழுங்கா விட்டுக்கிட்டுதான் இருக்காங்க."

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் தெரிந்தது, அவர் மூச்சே விடவில்லை என்று.

"பதினோரு வருஷமா வர்றீங்க. உங்களுக்குப் பழக்கம்தானே?"

"கீழ போய்ப் பழக்கம்" என்றார். "மேல இருந்து பழக்கமில்ல."

 கீழே இருக்கும்போது நேரம் தெரியாது, பயம் தெரியாது, மீன் ஒன்று திரும்பிப் பார்த்தால் அதுவே போதும். மேலே இருக்கிறவருக்குக் குமிழியாவது தெரிகிறது. வீட்டில் இருந்தவளுக்கு என்ன தெரிந்திருக்கும்? எத்தனை ஞாயிற்றுக்கிழமை அவர் கதவைத் தட்டுவதற்கு முன்பே அது திறந்திருக்கிறது! தற்செயல் என்று நினைத்திருந்தார். சாயங்கால வேளையில் அவள் காயாத துணியைப் பால்கனியில் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டு நிற்பாளே, அது துணிக்காகவா? "எவ்வளவு ஆச்சு" என்று கேட்டவள், அதைக் கேட்க ஒரு ஆள் முழுசாக வந்து எதிரே நிற்கிறானா என்று அல்லவா பார்த்திருக்கிறாள். எல்லாச் சாமானுக்கும் விலை தெரிந்த மனுஷனுக்கு இந்த ஒன்று மட்டும் தெரியாமல் போயிருக்கிறது. வெட்கமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட நேரமில்லை, குமிழியைப் பார்க்க வேண்டியிருந்தது.

கடைசியில் அக்காவின் தலை தெரிந்தது. கூடவே அவள் தலை. மாப்பிள்ளை எழுந்த வேகத்தில் படகு ஒருபக்கம் சாய்ந்து படகுக்காரர் திட்டினார். இருவரும் சேர்ந்து அவளைத் தூக்கி ஏற்றினார்கள். குழாயைத் துப்பினாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். கன்னத்தில் கண்ணாடி அழுத்திய வளையம் சிவப்பாக இருந்தது. வாய் நிறையச் சிரிப்பு.

"எவ்வளவு நேரம் இருந்தேங்க?"

"இருபத்திரண்டு நிமிஷம்."

"அவ்வளவுதானா? இப்பத்தானே போனேன்! ஒரு மீன் என் விரலைத் தின்னலாமான்னு யோசிச்சுதுங்க, வேண்டாம்னு போயிடுச்சு. அக்காவைக் கேளுங்க!"

அவர் குனிந்து அவள் ஜாக்கெட்டின் வாரைக் கழற்ற முயன்றார். பதினோரு வருஷமாகக் கழற்றி மாட்டுகிற கைதான், கொக்கி பிடிபடவில்லை. அவள் கொக்கியைத் தேடுகிற விரல்களைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். தன் ஈரக்கையை அவர் கைமேல் வைத்தாள்.

"பயந்துட்டீங்களா?"

"ஆமாம்மா. ரொம்ப."

"நல்லா பயப்படுங்க" என்றாள். "நான் பதினோரு வருஷம் பயந்தாச்சு. இனிமே கொஞ்ச நாள் உங்க முறை."

பிறகு அவர் கையை விடாமலே திரும்பி, தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த பம்ப் அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, அடுத்த ஞாயித்துக்கிழமை படகு இருக்கா?"